ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

தருமபுரி வாசகர் ஒருவரின் கேள்வி இது. கிருஷ்ணகிரி வரை நான்குவழிச் சாலையில் எந்தத் தொல்லையும் தராத அவருடைய பழைய பெட்ரோல் கார், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஏறினால் சூடேறிவிடுகிறது. ரேடியேட்டர் விசிறி சுழல்வதே இல்லை. மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால், விசிறி இயங்காத குறை மெதுவாக ஏறும் இடத்தில்தான் வெளிப்படும். அந்த அளவில் நீங்கள் கவனித்தது சரியே. ஆனால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. அந்த ரிலேவுக்கு உத்தரவு கிடைப்பது வெப்பத்தை அறியும் சென்சாரால். இவற்றில் எது பழுதானாலும் விசிறி நின்றுவிடும்.

முதலில் என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கியதும் ரேடியேட்டர் விசிறியும் சுழல வேண்டும். இரண்டு விசிறிகள் உள்ள காரானால் எது சுழல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் விசிறி சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சந்தேகம் சென்சார் பக்கம் போக வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். அது எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் புதியதைப் போடுங்கள். அதுவும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம் அல்லது ஒயர் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிப்பது ஒயரிங்கையே எரித்துவிடும். ரிலேவைச் சோதிக்க, அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேவை அந்த இடத்தில் மாற்றிப் பொருத்திப் பார்த்தாலே போதும்.

அடுத்து, விசிறியின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயர்களால் மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி மின்சாரம் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் இறக்கைகளின் அருகில் கையைக் கொண்டுபோகக் கூடாது. சில கார்களில் சாவி அணைந்திருந்தாலும் விசிறி திடீரெனச் சுழலும். இந்தச் சோதனையில் சுழலாத மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். சுழன்றால் கனெக்டரில் கருகலோ பச்சைப் பாசி போன்ற துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் அந்தக் கனெக்டரில் 12 வோல்ட் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். துருவேறிய இணைப்பும் சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டும், பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாரை அதனால் ஓட்ட முடியாது. பழைய ஹெட்லைட் பல்பை அங்கே இணைத்து, பிரகாசமாக எரிகிறதா என்று பார்ப்பது மேலான சோதனை.

சென்சார் பக்கம் வந்தால், ரேடியேட்டரிலேயே இரண்டு ஒயர்களுடன் வெப்பச் சுவிட்சு இருக்கும் பழைய மாடல்களில், சாவியைப் போட்டு அந்த இரண்டு ஒயர்களையும் இணைத்தால் விசிறி சுழல வேண்டும். விசிறியை இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இயக்கும் கார்களில் இப்படி இணைக்கக் கூடாது. சென்சார் கனெக்டரைக் கழற்றினால் பல கார்களில் பாதுகாப்புக்காக விசிறி தானே ஓடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால், என்ஜின் கொதித்தாலும் சூடான கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டரை எட்டாது. அங்கிருக்கும் சுவிட்சும் விசிறியைப் போடாது. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகவும் கீழ் ஹோஸ் குளிர்ந்தும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றாலும் இதே கதைதான். நம் மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இருந்தால், அதன் உப்புப் படிவு சென்சாரின் மேலும் ஒட்டியிருக்கலாம். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்தே ஊற்றுங்கள். என்ஜின் முழுதும் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

சாவியைப் போட்டதும் எப்போதும் ஓடும்படி விசிறியை ‘டைரக்ட்’ செய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். வீடு வந்து சேர அது உதவும். நிரந்தரமாக விட்டால் மோட்டார் விரைவில் தேயும். கணவாயில் மறுபடி வெப்பநிலை முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து, சரிவில் நிற்காமல் பாதுகாப்பான அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி என்ஜினை நிறுத்துங்கள்.