மூட்டை வேண்டாம், அலமாரியைப் பாருங்கள்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பொது நூலகர் பதிலளிக்கிறார்)

கேள்வி: எங்கள் பகுதி நூலகத்துக்கு உதவ நண்பர்கள் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு தொடங்கியிருக்கிறோம். வீடு வீடாகப் போய்ப் பழைய புத்தகங்களைச் சேகரித்துக் கொடுத்தோம். நூலகர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. ஏன் ஐயா?

பதில்: இருக்காதுதான். 'அன்பளிப்பு' என்று மூட்டை வந்து இறங்கினாலே எனக்கும் அடிவயிறு கலங்கும். பாதி காலாவதியான பாடப்புத்தகம், மீதி அட்டை போன நாவல். கொடுத்தவர் திருப்தியாகக் கிளம்பிவிடுவார். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, வகைப்பாட்டு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டுவது யார்? ஒரு புத்தகத்தில் பூஞ்சையோ இராமபாணப் பூச்சியோ இருந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் ஆபத்து.

நூலகரிடம் போய், "ஆள் இல்லாமல் நின்றுபோன வேலை எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அலமாரியைத்தான் காட்டுவார். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையில் (1876-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது) பறவைகளுக்கு எண் 598. அவசரத்தில் யாரோ அதை 958-இல் செருகிவிட்டால், பறவைப் புத்தகம் மத்திய ஆசிய வரலாற்றுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கணினி 'இருக்கிறது' என்று சொல்லும். தேடி வந்தவர் கைக்குக் கிடைக்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இந்திய நூலகவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. வாரம் ஒருமுறை இரண்டு பேர் ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டு, முதுகு எண்களை வரிசையாகப் படித்துச் சரிசெய்தால் போதும். அலுப்பான வேலை, யாரும் போட்டோ எடுக்கவும் மாட்டார்கள். ஆனால் நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு குழு வந்திருந்தால் வாசலுக்கே போய் வரவேற்றிருப்பேன்.

அப்புறம், கிழிந்த பக்கங்களுக்கு செல்லோடேப் ஒட்டும் ஆர்வலர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைத் தடுத்து வையுங்கள். அந்தப் பசை பழுத்துத் தாளையே கறையாக்கிவிடும்.

கேள்வி: "சம்பளத்துக்கு ஆள் எதற்கு? மாலை நேரத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்டனில் 2010-க்குப் பிறகு நிதி வெட்டு வந்தபோது பல கிளை நூலகங்கள் தன்னார்வலர் கைக்குப் போயின. சில நன்றாகவே நடக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இலவசமாக நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், எடுத்த பணியிடத்தைத் திரும்பக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இன்னொன்றும் உண்டு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது வெளியே போகக் கூடாத விஷயம். விவாகரத்துச் சட்டம் பற்றியோ ஒரு நோயைப் பற்றியோ படிக்க வந்தவர், கவுண்டரில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எடுக்காமலே திரும்பிவிடுவார். அந்த இடம் பணியாளருடையது.

ஆள் போதவில்லை என்று வெளிப்படையாகப் பேச நூலகருக்குக் கையைக் கட்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கதை வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. கிழமையும் நேரமும் மட்டும் மாறக் கூடாது. ஒருவருக்கு வர முடியாமல் போனால் வாசிக்க இன்னொருவர் தயாராக இருக்கட்டும். படம் குழந்தைகள் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.