ஆடியில் இளைக்கும் மரம்

வணக்கம் சேர். நான் தாவரச் சூழலியல் ஆய்வு மாணவி, ஊர் ஒட்டுசுட்டான். காலநிலை மாற்றம் பற்றிப் பெரிதாக ஏதோ செய்யலாம் என்று வந்தேன். ஆறு மாதமாகக் காட்டில் மரங்களின் சுற்றளவை அளக்கிறேன், சருகை உலர்த்தி நிறுக்கிறேன், இரவில் எக்செலில் எண்களை ஏற்றுகிறேன். “மரம் அளக்கவோ இவ்வளவு படிச்சனி?” என்கிறார் அப்பா. இதை விட்டு வெளிநாடு போய், செய்மதிப் படங்களை வைத்து ஆய்வு செய்யலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்பின் பிள்ளைக்கு,

விசா கிடைத்தால் போய்வாரும். செய்மதிப் படமும் நல்லதுதான். ஆனால் அதில் தெரிகிற பச்சை எத்தனை கிலோ மரம் என்று சொல்ல, யாராவது கீழே நின்று அளந்திருக்க வேண்டும். அப்பாவை விடும், அப்பாமார் அப்படித்தான்.

எந்த மாதத்தில் அளக்கிறீர்? கடிதத்தில் அதைக் காணவில்லை, அதுதான் எனக்குக் கோபம். சோளகக் காற்று வீசும் ஆடி ஆவணியில் மரம் இளைக்கும். பட்டையில் இருக்கும் நீர் குறைந்து தண்டு சுருங்கும், மாரி மழை விழுந்ததும் பழையபடி பருக்கும். ஆவணியில் அளந்த வீரை மரத்தைத் தையில் திரும்ப அளந்தால், வளராத மரமும் வளர்ந்ததாகக் காட்டும். எங்கள் பாலை மரமும் வீரையும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் பருத்தாலே பெரிது. நாடா கொஞ்சம் சரிந்தால் அந்த வளர்ச்சி முழுக்கப் போய்விடும். 1.3 மீற்றர் உயரத்தில் பெயின்ற் கோடு, அந்தக் கோட்டின் மேல் நாடா. கொடி சுற்றியிருந்தால் அதற்கு அடியால் நாடாவை விடவேண்டும். கொடியோடு சேர்த்து அளக்கிற சோம்பேறிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேறு தொழில் பார்க்கலாம்.

நீர் தேடி வந்த பெரிய கேள்வி அந்த மில்லிமீற்றருக்குள்தான் இருக்கிறது, பிள்ளை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது கூடினால் மரம் இலைத்துளைகளை அவ்வளவு திறக்கத் தேவையில்லை, தண்ணீர் மிஞ்சும். வறண்ட காட்டுக்கு அது லாபம். ஆனால் வெக்கை கூடக் கூடக் காற்று அதே தண்ணீரை உறிஞ்சும். எது வெல்லும்? பாலையைத்தான் கேட்கவேண்டும். பதில் சொல்ல அது பத்திருபது வருடம் எடுக்கும்.

தமிழ்நாட்டு முதுமலையில் 1988இலேயே 50 ஹெக்டயர் காட்டை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே தெற்கில், சிங்கராஜா மழைக்காட்டில் தொண்ணூறுகளில் 25 ஹெக்டயர். அந்த யுத்த வருடங்களில் நாங்கள் மரத்தை பங்கருக்கு மேல் அடுக்கும் குற்றியாகத்தான் பார்த்தோம். மாமா தறித்து வந்த பாலைக் குற்றியில் பால் கசிந்துகொண்டிருக்கும், நாங்கள் அதன் கீழே குந்தியிருப்போம். இடம்பெயர்ந்தால் அதை விட்டுவிட்டு, போன இடத்தில் இன்னொரு மரம். எத்தனை போனதென்று யார் எண்ணினார்கள்? பிறகு மிதிவெடி இருக்கிறதென்று காட்டுக்குள் காலே வைக்கமுடியவில்லை. அந்தக் காலத்து அளவு ஒரு கொப்பியில் இருந்திருந்தால், நாடா பிடிக்கச் சொல்லி உம்மை இப்படி ஏசியிருக்கமாட்டேன்.

சரி, வருடாவருடம் தை மாசிக்குள் அளந்து முடித்துவிடும். பாலைப்பழம் பழுத்தால், உதவிக்கு வாற பெடியள் ஒருத்தரும் நாடா பிடிக்கமாட்டாங்கள்.