செத்த கேலக்ஸிய பாத்து என்னத்துக்கு ஆகுது?

கேள்வி: 13 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கற செத்துப்போன ஒரு கேலக்ஸிய உலகத்துல இருக்கற டெலஸ்கோப்பு அத்தனையும் பாத்துச்சாமா, அந்தக் காச நொய்யல சுத்தம் பண்ண குடுத்திருக்கலாமுல்லங்க? - காங்கேயம் வாசகர்

பதில்: நொய்யல் கெட்டது சாயக்கழிவுனாலங்க, டெலஸ்கோப்புனால இல்ல. ரெண்டையும் முடிச்சு போடாதீங்க.

நீங்க சொல்ற என்.ஜி.சி. 4993 லென்ஸ் வடிவ கேலக்ஸி. நடுவுல தடிச்சு ஓரம் மெலிஞ்சு இருக்கும், பால்வீதியில இருக்கற மாதிரி சுருள் கை கெடையாது, வாயு பெரும்பாலும் தீந்துட்டதுனால புது நட்சத்திரம் பொறக்கறது ரொம்ப கம்மி, அதனாலதான் செத்ததுன்னு சொல்றது. 1789ல வானியலாளர் ஹெர்ஷல் பாத்து குறிச்சு வச்சாரு, அப்பறம் ரொம்ப காலத்துக்கு யாரும் பெருசா சீந்தல.

2017 ஆகஸ்ட் 17ல ஈர்ப்பலை புடிக்கற லைகோ, விர்கோங்கற கருவிங்க ஒரு ஈர்ப்பலைய, அதாவது கனமான பொருளுங்க மோதறப்ப வெளியில பரவற அதிர்வ, புடிச்சுது, 1.7 செகண்டுல ஃபெர்மி சாட்டிலைட்டுக்கு காமா கதிரும் தெரிஞ்சுது, ஆனா எங்கிருந்து வருதுன்னு வானத்துல ஒரு பெரிய துண்டத்தத்தான் காட்ட முடிஞ்சுது. சிலியில ஸ்வோப்னு ஒரு டெலஸ்கோப்பு, கண்ணாடி ஒரு மீட்டர்தான், அதுல வேல செய்யறவங்க அந்தத் துண்டுக்குள்ள, அலைய வச்சு கணக்குப் போட்ட தூரத்துல இருக்கற கேலக்ஸிகள லிஸ்ட் போட்டு, பொழுது உழுந்ததும் ஒன்னொன்னா படம் புடிச்சு பழைய படத்தோட வச்சு பாத்துட்டே வந்தாங்க. அலை வந்து 11 மணி நேரம் கழிச்சு எடுத்த படத்துல, இந்தக் கேலக்ஸியோட நடுமையத்துக்கு பக்கத்துல, முன்ன இல்லாத ஒரு புள்ளி!

நீலமா இருந்த அந்தப் புள்ளி சில நாள்லயே செவந்து மங்கிருச்சு. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் செத்ததுக்கப்பறம் மிஞ்சற ரொம்ப அடர்த்தியான உருண்ட) மோதி செதறுனதுல உண்டான கனமான தனிமங்க நீல வெளிச்சத்த மறிச்சுருது, அதனாலதான் செவப்பு. தங்கம், பிளாட்டினம் வகையறா உருவாகறதுக்கு முக்கியமான ஒரு வழி இதுதான்னு அப்பத்தான் கண்ணால பாத்த சாட்சி கெடச்சுது. புனே பக்கம் இருக்கற நம்ம ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்பும் மாசக்கணக்கா அத கவனிச்சுது.

கோயமுத்தூர் பட்டறைங்கள்ல அரம் ராவுன தூளக்கூட உடாம கூட்டி அள்ளி உருக்கறாங்களே, அந்தத் தங்கத்துல ஒரு பொட்டுகூட பூமியில உண்டானதில்லீங்க, விண்வெளியில உண்டாகி வந்ததுதான், அதுக்கு இந்த மாதிரி மோதலும் ஒரு முக்கியமான வழி. அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறத வெட்டிச் செலவுன்னு என்னால ஒத்துக்க முடியாது. நொய்யலுக்கு காசு கேக்கணும்னா ஆத்துல சாயத்தண்ணி உட்டவங்ககிட்ட கேளுங்க, நானும் கூட நிக்கறேன்.