ஹாலிபட்டும் கடல்நீர்நாயும் – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் டென்வரில் இருக்கிறோம். ஜூலையில் குடும்பத்தோடு அலாஸ்கா போய், ஹோமர் ஸ்பிட் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஒரு நாள் ஹாலிபட் பிடிக்கும் படகில் போனோம். எனக்கும் ஒரு மீன் மாட்டியது. மேலே இழுக்கும்வரை இருந்த உற்சாகம், கேப்டன் அதன் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டதும் போய்விட்டது. திரும்பும் வழியில் கடல்நீர்நாய்க் கூட்டம் ஒன்றைப் பார்த்துப் படகை நிறுத்தினார். ஒரு தாய் மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின் மேல் கிடந்த குட்டியின் முடியை நக்கிக் கோதிக்கொண்டிருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தோம். எங்கள் காலடியில் பெட்டிக்குள் மீன்கள் கிடந்தன. ஓர் உயிரைக் கொன்ற கையோடு இன்னோர் உயிரைப் பார்த்துக் கொஞ்சுவது போலித்தனம் இல்லையா? அடுத்த வருஷம் மறுபடி போகிறோம். மீன்பிடி வேண்டாம், பறவைகளையும் விலங்குகளையும் காட்டும் படகு மட்டும் போதும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எந்த மாதம் போகலாம்?

ச.

அன்புள்ள ச.,

போலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடுவதற்காகத் தானே பிடித்து, அது சாவதையும் நேரில் பார்த்தவர் நீங்கள். கடையில் வெள்ளைத் துண்டுகளாக வாங்குபவருக்கு அந்தச் சங்கடம்கூடக் கிடையாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நீர்நாயைப் பற்றி எழுதும்போது குட்டி வருகிறது, மிதந்த விதம் வருகிறது, முடியைக் கோதியது வருகிறது. ஹாலிபட் வெறுமனே “ஒரு மீன்” ஆகிவிட்டது. அன்று நீங்கள் பார்த்த காட்டுயிர்களில் உங்களுக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

அது யார் என்று சொல்கிறேன். முட்டையிலிருந்து வெளிவரும்போது எல்லா மீன்களையும் போலத் தலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்துகிறது. சில மாதங்களில் இடது கண் மெல்லத் தலையைக் கடந்து வலப்பக்கத்துக்கு வந்துசேர்கிறது. அப்புறம் இடப்பக்கத்தைத் தரையில் படியவைத்துப் படுத்துவிடுகிறது. அடியில் இருக்கும் பக்கம் வெளுத்துவிடும். மேல்பக்கம் மணலும் சேறுமாகத் தரையின் நிறத்தில் இருக்கும். நம் கரைகளில் எருமை நாக்கு என்று விற்கும் தட்டை மீனின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இது 200 கிலோவுக்கு மேலும் வளரும், 50 வயதைத் தாண்டியும் வாழும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறத்தாழ 12 வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் ஆழ்கடல் சரிவுகளுக்குப் போய் முட்டையிட்டுவிட்டு, கோடையில் ஆழம் குறைந்த இடங்களுக்குத் திரும்பிவரும். ஆண் மீன்கள் அவ்வளவு பெரிதாவதில்லை. படகில் எல்லோரும் கைதட்டும் அந்தப் பெரிய மீன், அநேகமாக எப்போதும் பல லட்சம் முட்டைகளைச் சுமக்கக்கூடிய வயதான பெண்.

நீர்நாயைப் பார்த்துப் படகை நிறுத்துவதும் மீனைப் பார்த்துத் தூண்டிலை இறக்குவதும் இயற்கையிலேயே வெவ்வேறு செயல்கள் என்று நினைக்கிறோம். அந்தக் கடலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1741இல் ரஷ்யாவின் கடற்பயணத் தலைவர் விட்டஸ் பேரிங்கின் கப்பல் உடைந்து, மாலுமிகள் ஓர் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். கப்பலில் இருந்த இயற்கையியலாளர் ஸ்டெல்லர் அங்கே கண்ட மிருகங்களையெல்லாம் எழுதிவைத்தார். உயிர் தப்பியவர்கள் நீர்நாய்த் தோல்களோடு ரஷ்யா திரும்பினார்கள். அதோடு வேட்டை தொடங்கியது. நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலக் கொழுப்புப் படலம் இல்லை, குளிரைத் தாங்க முடி மட்டும்தான். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை லட்சம் முடிகள்வரை இருக்கும். அந்த அடர்த்திதான் அதற்கு எமனாக வந்தது. 1911இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவுக்காக பிரிட்டன் என நான்கு நாடுகள் உட்கார்ந்து வேட்டையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டபோது, உலகம் முழுவதும் 2,000 நீர்நாய்கள் இருந்தாலே அதிகம். நீங்கள் பார்த்த தாயும் குட்டியும் அந்த மிச்சத்தின் வாரிசுகள்.

ஸ்டெல்லர் எழுதிவைத்த கடல்பசுவுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. கண்டுபிடித்து 27 வருஷத்தில், 1768க்குள், தின்றே தீர்த்துவிட்டார்கள். அதன் நெருங்கிய உறவு நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியா. அதற்கு 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது. அங்கே வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை போனால் போகட்டும் என்று அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். அதே படகில் அன்றைய மீனும் கிடக்கும். அவர்களை யாரும் போலி என்று சொல்லமாட்டோம்.

ஹாலிபட்டுக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் உண்டு. அளவில்லாமல் பிடித்து மீன் குறைந்துபோன பிறகு, 1923இல் அமெரிக்காவும் கனடாவும் கையெழுத்திட்டன. முதல் வேலையாக, குளிர்காலத்தில் மூன்று மாதம் மீன்பிடியை நிறுத்தினார்கள். அன்று உருவான ஆணையம் இன்னும் இயங்குகிறது. வாடகைப் படகில் ஆளுக்கு இத்தனை மீன், அதில் ஒன்று சிறியதாக இருக்க வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருப்பாரே, அந்தக் கணக்கு அங்கிருந்து வருகிறது. மீன் பிடிக்கப் போகிறவர் அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டுதான் போகிறார். எனக்கு அது மதிப்புக்குரிய விஷயம்.

அதனால் மறுபடி மீன் பிடிக்கப் போங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய மீன் மாட்டினால் விட்டுவிடச் சொல்லுங்கள். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழத்திலிருந்து மேலே வந்தாலும் உடல் உப்பாது, பக்குவமாக முள்ளைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதே தூண்டிலில் மாட்டும் ராக்ஃபிஷ் அப்படியில்லை. அதற்குக் காற்றுப்பை உண்டு. மேலே வரவர அது வீங்கிக் கண் பிதுங்கிவிடும். அப்படியே கடலில் போட்டால் முங்க முடியாமல் மேலேயே மிதக்கும், கழுகுக்கு இரையாகும். மஞ்சள் கண் ராக்ஃபிஷ் 100 வயதைத் தாண்டி வாழக்கூடியது. அதைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிட, எடை கட்டிய ஒரு எளிய கருவி இருக்கிறது. அலாஸ்காவில் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கும் படகுகளில் அது கட்டாயம். ஏறும்போதே “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்டுவிடுங்கள். கேட்கும் பயணிகள் இருந்தால் கேப்டன்களும் கவனமாக இருப்பார்கள்.

அப்புறம், கரையில் மீனை அறுக்கும்போது இரைப்பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நண்டு, ஆக்டோபஸ், சின்ன மீன்கள் என்று அடிக்கடலில் நடப்பதெல்லாம் உள்ளே இருக்கும். எந்தக் காட்சிப் படகிலும் இதைக் காட்ட முடியாது.

காட்சிப் படகு குற்றமற்றது என்றும் எண்ணிவிடாதீர்கள். நீர்நாய் ஒரு நாளில் தன் எடையில் கால் பங்கு சாப்பிட்டால்தான் உடல் சூடு நிற்கும். படகு நெருங்கி கூட்டம் கலைந்து நீந்தத் தொடங்கினால், அந்தச் சக்தியை மறுபடி முங்கித் தேடித்தான் ஈடுகட்ட வேண்டும். சின்னக் குட்டிக்கு முங்கவே வராது. முடிக்குள் அவ்வளவு காற்று. தாய் பயந்து முங்கினால் அது தனியாக மேலே மிதக்கும். கூனல் முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்கக்கூடாது என்று அலாஸ்காவில் சட்டமே இருக்கிறது. தொலைநோக்கி கொண்டுபோங்கள். நீர்நாய் தலையைத் தூக்கிப் படகைப் பார்க்கத் தொடங்கினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டி ஏறத்தாழ இரண்டரை லட்சம் கடற்பறவைகள் செத்தன. உலகமே பதறியது. 2014 முதல் 2016 வரை அந்தக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானபோது, இரைமீன் இல்லாமல் பட்டினியால் செத்த மர் பறவைகள் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் என்று 2024இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அலாஸ்காவில் அந்த இனத்தில் பாதி. சூடு குறைந்து பல வருஷம் ஆகியும் அவை பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. அந்தப் பறவைகளை யாரும் சுடவில்லை, தூண்டில் போடவில்லை. உங்கள் குற்றவுணர்வு முழுவதையும் அந்த ஒரு ஹாலிபட் மேலேயே செலவழித்துவிட வேண்டாம்.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசிக்குள் போங்கள். ஹாலிபட்டும் கிடைக்கும், ஹோமரை ஒட்டிய கச்சமாக் விரிகுடாவின் பாறைத் தீவில் மர், கிட்டிவேக், பஃபின் ஆகிய கடற்பறவைகளும் கூட்டில் இருக்கும். ஆகஸ்ட் முடிந்தால் அவை நடுக்கடலுக்குப் போய்விடும். கூடாரத்துக்கு நீளமான, கனமான ஆணிகள் எடுத்துப் போங்கள், ஸ்பிட்டின் சரளைக் கல்லில் சாதா ஆணி நிற்காது, காற்றும் பலமாக இருக்கும்.

அன்புடன்