கோட்டோவியம் ஏன் பிசிறடிக்கிறது, கவிதை வரி ஏன் உடைகிறது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து கதை, கவிதை, ஓவியங்களோடு ஒரு காலாண்டிதழ் கொண்டுவருகிறோம். சேலத்தில் 500 பிரதி ஆஃப்செட்டில் அடித்தோம். மைக்கோட்டு ஓவியங்கள் சாம்பல் பூத்து, விளிம்பு பிசிறடித்து வந்தன. கவிதைகளில் வரிகள் மடங்கின, சில எழுத்துகள் மாறிவிட்டன. அடுத்த இதழுக்கு என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டு கோளாறும் பிளேட் (அச்சுத்தகடு) போடுவதற்கு முன்பே, கோப்பிலேயே நேர்ந்தவை. மெஷினில் மையைக் கூட்டிக் குறைத்து இவற்றைச் சரிசெய்ய முடியாது.

ஈய எழுத்துக் காலத்தில் கோட்டோவியத்துக்குக் கோடுகளை அப்படியே பதிக்கும் லைன் பிளாக், புகைப்படத்துக்கு நிழலை நுண்புள்ளிகளாகப் பதிக்கும் ஹாஃப்டோன் பிளாக் என்று தனித்தனியாகச் செய்தார்கள். அந்தப் பாகுபாடு இன்றைய ஸ்கேனருக்கும் பொருந்தும். மைக்கோட்டு ஓவியத்தைத் தூய கருப்பு வெள்ளையாக, அதாவது பிட்மேப் முறையில், 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கிரேஸ்கேலில், அதாவது சாம்பல் நிழல்களோடு, எடுத்தால் கோட்டின் விளிம்பும் அழுத்தம் குறைந்த இடங்களும் அச்சில் நுண்புள்ளிகளாக உடையும். நீங்கள் கண்ட பிசிறு பெரும்பாலும் இதுதான். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுத்தனுப்புங்கள்.

பென்சில், நீர்வண்ண ஓவியங்களுக்கு, அச்சாகும் அளவில் 300 டிபிஐ கிரேஸ்கேல் போதும். மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பருத்து, நடுத்தர நிழல்கள் திரையில் தெரிவதைவிடக் கருத்துவிடும். அவற்றை முன்கூட்டியே கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள். ஏற்காட்டுப் பனியில் ஓவியத்தாள் நெளிந்துவிடும். நெளிந்த தாளை ஸ்கேன் செய்தால் நிழல் விழும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓரிரவு கிடத்தி, பிறகு ஸ்கேன் செய்யுங்கள். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) இருக்கட்டும். 60 ஜிஎஸ்எம் தாளில் முன்பக்க ஓவியம் பின்பக்கக் கவிதையின் மேல் தெரியும்.

எழுத்து மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துரு மாற்றம். யூனிகோடில் வந்த பிரதியை பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைக்கும்போது மேற்கோள்குறிகளும், ஸ்ரீ போன்ற கிரந்த எழுத்துகளும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும்தான் முதலில் கெடும். யூனிகோடிலேயே இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். அதில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப்பாக வாங்குங்கள்.

வரி மடங்கும் கவிதைக்கு அளவை 11 புள்ளியிலிருந்து 10க்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் மடங்கும் துண்டைக் கால் அங்குலம் உள்ளே தள்ளுங்கள். அது புதிய வரி இல்லை என்று வாசகருக்குப் புரியும். எங்கே மடக்கலாம் என்பதைக் கவிஞரே சொல்லட்டும், வடிவமைப்பாளர் முடிவு செய்யக்கூடாது. பக்கக் கடைசியில் விழும் பத்தி இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் இரண்டு பக்கம் ஓடும் கவிதையை இடப்பக்கத்தில் தொடங்குங்கள். முழுக்கவிதையும் ஒரே விரிப்பில், எதிரெதிர்ப் பக்கங்களில், தெரியும்.

பக்கங்களை 16இன் மடங்கில் முடித்துக்கொள்ளுங்கள். டெமி 1/8 என்ற புத்தக அளவில் ஒரு 23×36 அங்குலத் தாள் 32 பக்கம் தரும். 64 பக்கம், 500 பிரதிக்கு 1000 தாள், அதாவது 2 ரீம், சேதாரம் தனி. 66 பக்கமானால் அந்த 2 பக்கத்துக்காகத் தனி பிளேட், தனி ஓட்டம் தேவைப்படும். இரண்டு முழுப்பக்க ஓவியங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்குவது மேல்.

பிளேட்டுக்கு அனுப்புமுன் முழு இதழையும் அசல் அளவில் தாளில் எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு கவிஞருக்கும் அவரவர் பக்கத்தை அனுப்பி, எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சகத்துக்குச் சரி சொல்லுங்கள்.