வி, எஃப், என், டி எல்லாம் இருந்தும் தக்காளி ஏன் வாடியது?

கேள்வி: எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில். போன தடவை கடையில் வாங்கிய ஹைப்ரிட் தக்காளி தொட்டியில் நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்து, இம்முறை வீட்டுப் பின்னால் தரையில் நட்டேன். பூ வைக்கும் நேரத்தில் பாதிச் செடிகள் இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கி, இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டன. பாக்கெட்டில் வி, எஃப், என், டி என்று நோய் எதிர்ப்பு எழுத்துகள் இருந்தனவே! விதை எடுத்தது தப்பா, மண்ணில் கோளாறா?

பதில்: இரண்டும்தான். ஆனால் பெரிய பங்கு மண்ணுக்கு.

வாடிய செடி ஒன்று மிச்சம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். தரையை ஒட்டிய தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்நிற இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்ற மண் பாக்டீரியா வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, பசையைச் சுரந்து அடைத்துவிடும். தண்ணீர் மேலே போகாததால்தான் பச்சை இலை அப்படியே தொங்குகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த கோலாலம்பூர் மண் அதற்குச் சொர்க்கம். பூஞ்சை மருந்து தெளித்துப் பயனில்லை. கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

சரி, பாக்கெட் எழுத்துகளுக்கு வருவோம். வி என்பது வெர்ட்டிசிலியம், எஃப் என்பது ஃபியூசேரியம். இரண்டும் பூஞ்சை வாடல்கள். என் என்பது வேர்முடிச்சு நூற்புழு. டி என்பது தேமல் வைரஸ். பாக்டீரியா வாடலுக்கு அந்த நான்கில் ஒன்றுகூட உத்தரவாதம் தரவில்லை. இதில் வெர்ட்டிசிலியம் குளிர்ப் பிரதேச நோய், செந்தூலில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் ஒற்றை மரபணுக்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு திருடனின் படத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் ஜாகா (காவலாளி) மாதிரி. கிருமியின் குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் கண்டால் செடியை உஷார்ப்படுத்தும், மற்றவரைக் கண்டுகொள்ளாது. கிருமி அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டால் அதையும் விட்டுவிடும். ஃபியூசேரியத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இனங்கள் பிரிந்ததும், அவற்றுக்கு எதிராக அடுத்தடுத்த மரபணுக்களைக் காட்டுத் தக்காளிகளில் தேட வேண்டி வந்ததும் இதனால்தான்.

நூற்புழு எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மரபணுவின் பெயர் மி. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து 1940களில் கலிஃபோர்னியாவில் எடுத்தார்கள். சாதாரணமாகக் கலப்பு நடக்காததால், முதிராத கருவை வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துத்தான் காப்பாற்ற முடிந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மரபணு, மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யாமல் போகிறது. கேமரன் மலையில் அது காக்கும். நம் வீட்டுப் பின்புறத்தில் நம்ப முடியாது. நூற்புழு துளைத்த வேர்ப்புண் வழியாகப் பாக்டீரியா இன்னும் சுலபமாக நுழையும். செத்த செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்டீரியா வாடலுக்கு எதிர்ப்பு ஏன் அரிது? ஒரே மரபணுவில் அது அடங்கவில்லை. நல்ல எதிர்ப்புள்ள ஹவாய் 7996 என்ற ரகத்தை ஆராய்ந்தபோது, 6ஆம், 12ஆம் குரோமோசோம்களில் இரண்டு பெரிய பகுதிகளும், கூடவே சிறு பங்களிக்கும் இடங்களும் தெரிந்தன. அந்தச் செடிகூடப் பாக்டீரியாவை முழுக்கத் தடுப்பதில்லை, தண்டில் பரவாமல் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, இந்த எதிர்ப்பைப் பெரிய பழத்தோடு சேர்ப்பதும் வளர்ப்பாளர்களுக்குத் தலைவலி. அதனால் தாழ்நிலத்தில் சிறு பழ ரகமே மேல் என்பது என் கருத்து.

இப்போது விதைக்கு வருகிறேன். எஃப்1 ஹைப்ரிட் என்றால் இரண்டு ரகங்களைக் கலந்து கிடைத்த முதல் தலைமுறை, பாக்கெட்டின் எஃப் எழுத்து வேறு. அதில் ஒரு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் சுமார் நான்கில் ஒரு நாற்றுக்கு அது கிடைக்காது. பல இடங்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு என்றால் இன்னும் மோசமாகச் சிதறும். விதை சேர்க்க ஆசைப்பட்டால் ஹைப்ரிட் அல்லாத நிலையான ரகம் வாங்குங்கள். பாக்கெட்டில் 'பாக்டீரியா வாடல்' என்றோ 'ஆர்எஸ்' (ரால்ஸ்டோனியாவின் சுருக்கம்) என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் 'ஐஆர்' என்றிருந்தால் நடுத்தர எதிர்ப்பு என்று பொருள்.

ஆனால் அந்த மண்ணில்தான் நடுவேன் என்றால், எதிர்ப்புள்ள கத்தரி மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவதே நம்பகமான வழி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பல காலமாகப் பரிந்துரைப்பதும் இதைத்தான். எல்லாக் கத்தரியும் உதவாது, நோயில் விழும் கத்தரிகளும் உண்டு. கத்தரி மெதுவாக வளரும் என்பதால் முன்கூட்டியே விதையுங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமனில் இருக்கும்போது சாய்வாக வெட்டி, சிறு ரப்பர் குழாயில் பொருத்தி, சில நாள் நிழலில் ஈரப்பதமாக மூடி வையுங்கள். தக்காளியைத் தண்டு புதைய ஆழமாக நடுவது நம் பழக்கம். ஒட்டுச் செடிக்கு அது கூடாது. ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு மண்ணைத் தொடும், நோய் அந்த வழியாக ஏறிவிடும்.

ஒட்டெல்லாம் நமக்கு வராது என்றால் பழையபடி தொட்டிதான். தேங்காய் நார்த்தூளும் மட்கிய உரமும் புதிதாகக் கலந்து நிரப்புங்கள். பின்புற மண்ணில் ஒரு கைப்பிடிகூட அதில் சேர வேண்டாம். தரையில் செடி செத்த இடத்தில் மிளகாயும் நடாதீர்கள், அதுவும் இந்த நோய்க்கு இலக்கு. சோளம் போடுங்கள்.