டப்பா வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு: புரோட்டீன் பவுடர் கேள்வி பதில்

கோவையில் ஒரு ஜிம்முக்குப் பக்கத்துக் கட்டடத்தில் டயட்டீஷியனாக உட்கார்ந்து 11 வருஷம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் டப்பாவோடுதான் வருவார்கள். வாங்கியபிறகுதான் நல்லதா என்று கேட்கத் தோன்றும் போல. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே. "எந்த பிராண்ட் நல்லது?" என்பதற்கு மட்டும் பெயர் சொல்ல மாட்டேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எடை 70 கிலோ. பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது என்று மாஸ்டர் சொல்கிறார். நிஜமா அக்கா? (திருப்பூர், வயது 24)

தம்பி, முதலில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். நானே எழுதிப் பார்க்கிறேன். காலையில் நாலு இட்லி, சாம்பார்: 12 கிராம் புரதம். மதியம் ரெண்டு கப் சாதம், சாம்பார், பொரியல், ஒரு கப் தயிர்: 20. சாயங்காலம் டீ, வடை: 5. ராத்திரி மூணு தோசை, சட்னி: 11. மொத்தம் 48 கிராம். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் புரதம் இவ்வளவுதான்.

சும்மா இருக்கும் ஆளுக்கே தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். உங்கள் எடைக்கு 58 கிராம். எடை தூக்குகிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது, அதைத் தாண்டினால் பெரிதாகக் கூடுவதில்லை. ஆக 112 கிராம். 64 கிராம் இடிக்கிறது.

இதை வீட்டிலேயே நிரப்பலாம். நாலு முட்டை 24, ஒரு பெரிய கப் கொண்டைக்கடலை சுண்டல் 13, சோயா உருண்டை காய்ந்த எடையில் 50 கிராம் என்றால் 26. வந்துவிட்டது. ஹாஸ்டல், ஷிப்ட் வேலை, சமைக்க ஆளில்லை என்றால் ஒரு ஸ்கூப் பவுடர் அதில் ஒரு பகுதியை நிரப்பும். மாஸ்டர் சொன்னதில் புரதம் வேண்டும் என்பது சரி, அது டப்பாவில்தான் வரவேண்டும் என்பது வியாபாரம். அந்த டப்பாவை அவரே விற்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வே கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்ன வித்தியாசம்? 1 கிலோ 3,200 ரூபாய்க்கு ஒன்று பார்த்தேன். ஸ்கூப் 33 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்று போட்டிருக்கிறது. (மதுரை)

சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் வெளிறிய பச்சைத் தண்ணீர்தான் வே, அதுதான் மூலப்பொருள். ஒரு காலத்தில் கொட்டிவிட வேண்டிய கழிவாக இருந்தது. அதை வடிகட்டி உலர்த்தினால் கான்சன்ட்ரேட், நூற்றுக்கு 80 வரை புரதம். இன்னும் வடித்து லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையையும் கொழுப்பையும் கழித்தால் ஐசோலேட், 90 அளவில். தசைக்கு இரண்டும் ஒன்றுதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் ஐசோலேட்டுக்குக் கூடுதல் காசு கொடுங்கள்.

இனி அந்த வகுத்தல். 24-ஐ 33-ஆல் வகுங்கள்: 73 சதவீதம். ஃபிளேவர், இனிப்பு சேர்த்த கான்சன்ட்ரேட்டுக்கு இது நல்ல எண். 60-க்குக் கீழே வந்தால் மீதி என்ன என்று கேளுங்கள். ஐசோலேட் என்று போட்டு 80-ஐத் தொடவில்லை என்றாலும் கேளுங்கள். "பிளெண்ட்" என்று எழுதி, ஐசோலேட்டை முதலில் போட்டு மீதி முழுக்கக் கான்சன்ட்ரேட்டாக நிரப்புவதும் உண்டு.

அடுத்து விலை. 30 ஸ்கூப், 720 கிராம் புரதம், கிராமுக்கு சுமார் நாலரை ரூபாய். 7 ரூபாய் முட்டையில் ஒரு கிராம் புரதம் 1 ரூபாய் 20 காசுதான். 200 கிராம் சோயா உருண்டை 50 ரூபாய் என்று வைத்தால் 50 காசுகூட இல்லை. மிச்சப் பணம் வசதிக்காகக் கொடுப்பது. அது உங்களுக்கு வசதியா என்பது உங்கள் கணக்கு.

போலி எது, அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை, இன்னும் நான்கு பேர்)

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு கடையில் "ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று பாதி விலைக்கு ஒரு வெனிலா டப்பா வாங்கினேன். சீல் சரியாக இருந்தது, ஹோலோகிராம் மினுங்கியது. வீட்டில் கலக்கினால் நுரையே வரவில்லை. நாக்கில் வைத்தேன், மைதா மாதிரி மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு ஸ்பூன் பவுடரைத் தண்ணீரில் கரைத்து மருந்துக்கடை அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். கண் முன்னாலேயே நீலக் கறுப்பாக மாறியது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்த அதே சோதனை. மாவு! கடைக்காரரிடம் கேட்டேன், "பேட்ச் அப்படித்தான் மேடம்" என்றார்.

இந்தச் சோதனை சாக்லெட் பவுடருக்குப் பலிக்காது, கோகோவிலேயே மாவுச்சத்து உண்டு. நீலம் வரவில்லை என்பதற்காக அசல் என்றும் ஆகிவிடாது. மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்தால் நீலம் காட்டாது.

இதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. லேப் சோதனையில் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களிலும் நைட்ரஜன் இருக்கிறது. அவற்றைத் தூவினால் காகிதத்தில் புரதம் ஏறிவிடும். சீனாவில் 2008-ல் குழந்தைகள் பால் பவுடரில் மெலமைன் கலந்தது இதே தந்திரம்தான். ஆகவே பின்பக்கப் பட்டியலில் கிளைசினோ டாரினோ தனியாக இருந்தால் வேண்டாம். 25 கிராம் வே புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கவேண்டும். அமினோ அமிலப் பட்டியலே போடாத டப்பாவை நான் வாங்குவதில்லை.

நம் நாட்டு நிலவரம்: கேரள மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் கூட்டாளிகளும் 2024-ல் இந்தியக் கடைகளில் கிடைக்கும் 36 பவுடர்களைச் சோதித்தார்கள். 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. 14 சதவீதத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், இறக்குமதியாளர் முகவரி, பேட்ச் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் என்று காட்டும். அந்த பேட்சின் லேப் ரிப்போர்ட்டை வெளியிடுகிற கம்பெனி என்றால் இன்னும் நல்லது.

ரொம்ப ஒல்லி அக்கா, 48 கிலோ. மாஸ் கெயினர் எடுக்கலாமா? (சேலம், 19)

உங்கள் டப்பா படத்தைப் பார்த்தேன். 100 கிராமில் புரதம் 15, மாவுச்சத்து 78. அதாவது சர்க்கரைக்கு அண்ணன் ஒருத்தன், வெனிலா வாசனையோடு. அந்தக் காசில் இரண்டு வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை, அரை லிட்டர் பால் தினமும் ஆறு வாரம் எடுங்கள். எடை ஏறவில்லை என்றால் டாக்டரிடம் தைராய்டு பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

புரோட்டீன் எடுத்தால் கிட்னி போய்விடும் என்கிறாள் அம்மா. கிரியேட்டினும் எடுக்கிறேன். போன மாத டெஸ்டில் கிரியேட்டினின் 1.4. (ஈரோடு, 29)

அம்மா பயப்படுவதில் பாதி நியாயம் உண்டு. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைக் குறைக்கவேண்டும், அதனால் அந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு நிற்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை நான் மேலே சொன்ன அளவு கெடுத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் சோதனை செய்யாமல் ஆரம்பிக்கக் கூடாது.

உங்கள் 1.4 வேறு விஷயமாக இருக்கலாம். கிரியேட்டின் உடைந்துதான், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஆகிறது. தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கிறவருக்கு, அதுவும் தசை கூடுதலாக இருந்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் எண் ஏறும். இதை நானே முடிவு செய்ய முடியாது. டாக்டரிடம் "கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, கிரியேட்டின் அதைக் குழப்பாது. நிறையப் பேர் டாக்டரிடம் மறைத்துவிடுகிறார்கள், ஏதோ ஸ்டீராய்டு எடுத்த மாதிரி. கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை, இறைச்சியிலும் மீனிலும் இருப்பதுதான்.

பவுடர் குடித்தால் வயிறு உப்புசம், பக்கத்தில் ஆள் நிற்க முடியவில்லை. (நாகர்கோவில்)

லாக்டோஸ். ஐசோலேட்டுக்கு மாறுங்கள், பாலில் கலக்காமல் தண்ணீரில் கலக்குங்கள். அப்படியும் இருந்தால் பட்டாணிப் புரதம். இனிப்பூட்டிகளும் சிலருக்கு இதைச் செய்யும், ஃபிளேவர் இல்லாததை ஒரு வாரம் பாருங்கள்.

பிசிஏஏ வேண்டுமா? (பெயர் போடாத பலர்)

வேண்டாம். அவசிய அமினோ அமிலங்கள் ஒன்பது, அதில் மூன்று மட்டும்தான் பிசிஏஏ என்று விற்கும் அந்தக் கலர் தண்ணீரில் இருக்கிறது. மூன்றும் வேயிலேயே உண்டு.

பச்சை முட்டை உடைத்துக் குடித்தால் சத்து முழுசாகச் சேரும் என்கிறார் தாத்தா. (தேனி)

தாத்தாவுக்கு என் வணக்கம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் போல உடம்பில் சேர்கிறது, பச்சையில் ஏறத்தாழ பாதிதான். சால்மோனெல்லா ஆபத்து வேறு. அவியுங்கள்.

பவுடரே வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் சொல்லிவிட்டதே, நீங்கள் எப்படி எழுதலாம்? (திருச்சி)

நியாயமான கேள்வி. 2024-ல் வந்த அவர்கள் வழிகாட்டுதலில், தசைக்காகப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது உண்மை. சர்க்கரை, செயற்கை ஃபிளேவர் சேர்ப்பதையும், நீண்ட நாள் அதிக அளவில் எடுப்பதையும் சுட்டிக் காட்டினார்கள். பொதுமக்களுக்குச் சொல்ல அது சரியான வார்த்தைதான். நானும் பத்தில் ஏழு பேரை முட்டைக்கும் சுண்டலுக்கும்தான் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் சாப்பிடவே முடியாத நிலையில் இருப்பவரையும், 112 கிராம் தேவைப்பட்டும் சமைக்க நேரமில்லாதவரையும் அதே தட்டில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாநில அளவில் கபடி ஆடுகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்? (தஞ்சாவூர்)

ஊக்கமருந்துச் சோதனையில் "பவுடரில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்பது உங்களைக் காப்பாற்றாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற முத்திரையோடு, பேட்ச் பேட்சாகச் சோதித்ததை மட்டும் எடுங்கள். பிரீ ஒர்க்அவுட், ஃபேட் பர்னர் பக்கமே போகாதீர்கள்.

அம்மாவுக்கு 67 வயது. காய்ச்சலுக்குப் பிறகு மெலிந்துவிட்டார், மாடி ஏற முடியவில்லை. அவருக்குக் கொடுக்கலாமா? (பாளையங்கோட்டை)

என்னைக் கேட்டால் பவுடரால் அதிகப் பலன் ஜிம் பையன்களுக்குக் கிடையாது, இவர்களுக்குத்தான். வயதானால் அதே அளவு புரதத்துக்குத் தசை மெதுவாகத்தான் பதில் சொல்லும். அதனால் தேவை கூடி, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் ஆகிறது. பசியோ குறைகிறது. ராத்திரி ஒரு டம்ளர் மால்ட் பானம் போதும் என்று படுப்பார்கள், அதில் புரதத்தைவிட இனிப்புதான் அதிகம்.

முதலில் யூரியா, கிரியேட்டினின், சர்க்கரை பார்த்துவிடுங்கள். டாக்டர் சரி என்றால் ஃபிளேவர் இல்லாத வே ஒரு ஸ்கூப், காலைக் கஞ்சியில். கொதிக்கும்போது போட்டால் திரிந்து கட்டி தட்டும், "இது என்னடி தயிர் மாதிரி" என்று ஒதுக்கிவிடுவார். கஞ்சியை இறக்கி, விரல் பொறுக்கும் சூடு வந்ததும், பவுடரைக் கொஞ்சம் ஆறிய பாலில் தனியாகக் குழைத்து ஊற்றுங்கள். கூடவே தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்து தடவை, கைப்பிடி இல்லாமல் முடிந்தால்.